பழைய ஜப்பானியப் பூச்சாடி வீட்டில் இருந்தால்: பார்ப்பது, துடைப்பது, வைத்துக் காப்பது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் வீடுகளில், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலோ சாமி மேடைக்குப் பக்கத்திலோ, கையால் வண்ணம் தீட்டிய ஜப்பானியப் பூச்சாடி ஒன்று நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டாரைக் கேட்டால் துரை பங்களாவிலிருந்து வந்தது என்பார்கள்; அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் ஊர் திரும்பிய வெள்ளைக்கார நிர்வாகிகள் சிலர், கப்பலில் ஏற்ற விரும்பாத சாமான்களைச் சமையல்காரருக்கும் ஆயாவுக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பங்களாவில் சமையல்காரராக இருந்த என் தாத்தாவின் கைக்கு எங்கள் வீட்டுச் சாடி அப்படித்தான் வந்தது. போருக்கு முன்பே மலாயா நகரங்களில் ஜப்பானியர் புகைப்படக் கடைகளும் சாமான் கடைகளும் நடத்தி வந்ததால், கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்கிய சாடிகளும் நம் வீடுகளில் இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் சயாம் பர்மா ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை. அந்த இழப்பைச் சுமந்த வீடுகளில் ‘ஜப்பான் சாமான்’ என்ற சொல்லைக் கேட்டாலே மூத்தவர்களின் முகம் மாறிவிடும். அவர்கள் மனத்தை மதித்துத்தான் இதை எழுதுகிறேன். நான் கையில் எடுத்துப் பார்த்த சாடிகளில் பல, போருக்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, சூளையை அண்டிப் பிழைத்த வண்ணக்காரர்கள் தீட்டியவை. அந்தக் கைகளுக்காகவாவது அவற்றைச் சரியாகப் பார்க்கவும் காக்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

பழைய சாடி கையில் கிடைத்தவுடன் அதைக் கவிழ்த்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் எல்லாருடைய பழக்கமும். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தப் போவது அதற்கு நேர்மாறானது. முத்திரையைக் கடைசியில் பாருங்கள். ஒரு சாடியில் போலி செய்ய மிக எளிதானது அடியிலுள்ள அந்த நாலைந்து எழுத்துகள்தாம். மண்ணையும் அடிவளையத்தையும் தூரிகையின் ஓட்டத்தையும் போலி செய்வது கடினம். ஆகவே முதலில் மண், பிறகு வண்ணம், பிறகு பழுது, அதன் பிறகே முத்திரை. இவை அனைத்தையும் பார்த்து முடிக்கும்வரை சாடியைக் கழுவக்கூடாது.

அலமாரியிலிருந்து இறக்குவது

மேசையை முதலில் தயார் செய்யுங்கள். கனமான குளியல் துண்டை இரண்டாக மடித்து விரித்து, காலை வெளிச்சம் படும் அஞ்சடிப் (முன்தாழ்வாரம்) பக்கமாகவோ சன்னலோரமாகவோ மேசையைப் போடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி, கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். பருத்திக் கையுறை போட்டுக்கொள்வது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான பீங்கானில் அது வழுக்கும் என்பதால் வெறுங்கையே மேல். ஒரு கையை அடியில் கொடுத்து, மறு கையால் வயிற்றுப் பகுதியை அணைத்துத் தூக்குங்கள். கழுத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக்கூடாது. சாடியின் காதுகள் தனியே செய்து குழைமண்ணால் ஒட்டிச் சுட்டவை. நூறு ஆண்டுக்குப் பின் அந்த ஒட்டு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

ஒரு சிறிய கைவிளக்கு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பூதக்கண்ணாடி, அளவு நாடா, பென்சில், தாள் ஆகியவை இருந்தால் போதும். பூதக்கண்ணாடி கிடைக்காதவர்கள் கைப்பேசிக் கேமராவை அருகில் கொண்டுபோய்ப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

மண்ணும் அடிவளையமும்

நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மண்ணின் வேறுபாட்டை விளக்குவது எளிது. கோலகங்சாரை அடுத்த சாயோங்கில் செய்யும் கருப்பு நிற நீர்க்குடுவையான லாபு சாயோங்கில் ஊற்றிய தண்ணீர் குளிர்ந்திருப்பதற்குக் காரணம், அந்த மண் நீரை உறிஞ்சி மெல்ல மெல்ல வெளியே கசிய விட, அந்த ஈரம் ஆவியாவதுதான். பீங்கான் கோப்பையிலோ ஒரு துளியும் கசியாது. ஜப்பானியச் சாடிகளும் இப்படி இரண்டு வகைப்படும். ஏறத்தாழ 1300 டிகிரி வெப்பத்தில் சுட்டு, கண்ணாடிபோல் இறுகிய பீங்கான் ஒரு வகை. அதைவிடக் குறைந்த வெப்பத்தில் சுட்டு, மேலே மெருகு (கண்ணாடி போன்ற பூச்சு) பூசியிருந்தாலும் உள்ளே நீரை உறிஞ்சும் தன்மை மாறாத மண்பாண்டம் மற்றொரு வகை. உங்கள் கையிலிருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டால், அது எங்கே செய்யப்பட்டது, அதை எப்படித் துடைக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

சாடியைத் துண்டின்மேல் மெல்லச் சாய்த்து, அடியிலுள்ள வளையத்தைப் பாருங்கள். சூளையில் தரையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக அந்த வளையத்தின் விளிம்பில் மட்டும் மெருகைத் துடைத்துவிட்டிருப்பார்கள். சாடியின் உண்மையான உடம்பு வெளியே தெரிவது அங்கேதான். ஈர விரலால் அந்த விளிம்பை ஒரே ஒரு முறை தொடுங்கள். ஈரம் அப்படியே நின்று மெல்ல உலர்ந்தால் பீங்கான். உறிஞ்சப்பட்டு நொடியில் மறைந்தால் மண்பாண்டம். வாய் வழியாகக் கைவிளக்கை உள்ளே காட்டினால், மெல்லிய பீங்கானில் வெளிச்சம் மங்கலாக வெளியே ஊடுருவும், மண்பாண்டத்தில் ஊடுருவாது.

வெண்மையான பீங்கானாக இருந்தால், கியூஷு தீவிலுள்ள அரித்தாவை முதலில் நினைக்கலாம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் முதன்முதலாகப் பீங்கான் செய்யப்பட்டது அங்கேதான். கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களே அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தார்கள். அருகிலிருந்த இமாரி துறைமுகம் வழியாகச் சரக்கு வெளியே போனதால், நீலமும் சிவப்பும் பொன்னும் கலந்த அந்த வேலைப்பாட்டுக்கு இமாரி என்ற பெயரே நிலைத்துவிட்டது. சற்றுச் சாம்பல் படிந்த உடம்பின்மேல் அடர்த்தியான சிவப்பும் பொன்னுமாக மிக நுணுக்கமாக நிரப்பியிருந்தால், இன்றைய இஷிக்காவா மாநிலத்தின் குதானியாக இருக்கலாம். பாலேட்டு நிறத்தில், மயிரிழை போன்ற விரிசல் வலை மெருகு முழுவதும் படர்ந்திருந்தால் அது, கியூஷுவின் தென்பகுதியான சத்சுமாவின் பெயரால் வழங்கும் சத்சுமா வகை மண்பாண்டம். அந்த வலை பழுது அன்று. உடம்பும் மெருகும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்குவதால் தானாக விழும் கோலம் அது.

1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலும் 1873ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் சத்சுமா வேலைக்குப் பெரும் பெயர் கிடைத்தது. அதன் பிறகு கியோத்தோ, ஓசாகா, யோக்கோஹாமா போன்ற நகரங்களின் பட்டறைகளும் அதே பாணியில் தீட்டி ஏற்றுமதி செய்தன. ஆகவே சத்சுமா என்ற சொல்லை இன்று ஊர்ப் பெயராகக் கொள்ளாமல் பாணியின் பெயராகக் கொள்வதே சரி.

கைவிளக்கை அணைப்பதற்கு முன் சாடியின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். சக்கரத்தில் வனைந்த சாடியில் விரல் ஓடிய சுற்று வரிகள் திருகுபோல் மேலேறும். அச்சில் குழைமண் ஊற்றிச் செய்த சாடியில் உட்புறம் வழவழவென்று இருப்பதோடு, எங்காவது நெடுக ஒரு ஒட்டு வரியும் தென்படலாம். அச்சில் செய்ததாலேயே அது மட்டமானது என்று தள்ளிவிட வேண்டாம். அச்சில் எடுத்த உடம்பின்மேல் அருமையாகக் கையால் தீட்டிய சாடிகள் எத்தனையோ உண்டு.

கை தீட்டியதா, அச்சிட்டதா

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஒரு மாலை முழுவதும் ஆனாலும் தகும்.

பூதக்கண்ணாடியை ஒரு மலரின்மேலோ முகத்தின்மேலோ வையுங்கள். கையால் இழுத்த கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடித்து, நடுவில் மெலிந்து, தூரிகையைத் தூக்கும் இடத்தில் கூராக முடியும். நல்ல கோலக்கை போட்ட கம்பிக் கோலத்தின் இழையும் வளைவில் ஒருவிதமாகவும் நேரில் ஒருவிதமாகவும்தானே விழும்? அச்சிட்ட கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும். வண்ணப் பரப்பு நுண்ணிய புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது அச்சுத்தாளிலிருந்து ஒட்டி எடுத்த படம். சாடியைச் சுற்றி வரும் பூவேலையில் ஓரிடத்தில் படம் பொருந்தாமல் வெட்டுப்பட்டு நின்றாலும், ஒரே பூ இம்மியும் மாறாமல் நான்கு இடங்களில் வந்தாலும், அதே முடிவுக்கு வரலாம். கோட்டை அச்சிட்டு நிறத்தை மட்டும் கையால் நிரப்பிய கலப்பு வேலையும் நிறைய உண்டு என்பதால், கோட்டையும் நிரப்பலையும் தனித்தனியே பாருங்கள்.

அடுத்து, வண்ணம் மெருகுக்குக் கீழே இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். கோபால்ட் நீலத்தைச் சுடாத மெருகுக்கு அடியில் தீட்டிப் பெருஞ்சூட்டில் சுடுவார்கள். விரலால் தடவினால் அங்கே ஒன்றும் தட்டுப்படாது. சிவப்பு, பச்சை, மஞ்சள் போன்றவற்றைச் சுட்ட மெருகுக்கு மேலே எனாமலாகத் தீட்டி, ஏறத்தாழ 800 டிகிரியில் மறுபடியும் சுடுவார்கள். சாய்வான வெளிச்சத்தில் அவை மேலெழுந்து நிற்பதைக் காணலாம், விரலிலும் தட்டுப்படும். பொன்பூச்சு எல்லாவற்றுக்கும் கடைசி. மென்மையான சூட்டில் பிடிக்க வைத்தது என்பதால் முதலில் தேய்ந்து போவதும் அதுவே. பழைய சாடியில் பொன் தேய்ந்திருக்கும் இடங்களுக்கு ஒரு நியாயம் இருக்கும்: வாய்விளிம்பு, தோள், கைப்பிடியின் வெளிப்புறம் எனக் கை படும் இடங்களிலேயே தேய்ந்திருக்கும். கை எட்டாத குழிவுகளிலும் சமமாகத் தேய்ந்திருந்தால், யாரோ வேண்டுமென்றே தேய்த்துப் பழமை காட்டியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம்.

நீலத்தின் சாயலும் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும். 1870இல் கோட்ஃபிரீட் வாக்னர் என்ற ஜெர்மானியர் அரித்தாவுக்கு வந்து, ஆலையில் தயாரித்த கோபால்ட்டைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அதற்கு முன் இயற்கைக் கனிமத்திலிருந்து எடுத்த நீலம் சற்று மங்கி, சாம்பல் கலந்து, இடத்துக்கு இடம் அடர்த்தி மாறித் தெரியும். பின்னர் வந்தது கண்ணைப் பறிக்கும் ஊதா கலந்த நீலம். இதை மட்டும் வைத்து ஆண்டு சொல்லிவிட முடியாது. மற்ற அடையாளங்களோடு சேர்த்து எடைபோட உதவும்.

எங்கள் வீட்டுச் சாடியின் உயரம் 31 சென்டிமீட்டர். கரும்பழுப்புப் பின்னணியில், தலைக்குப் பின்னே பொன் ஒளிவட்டத்தோடு ஏழு துறவிகள் நெருங்கி அமர்ந்திருக்க, நடுவில் வெண்ணிற ஆடையில் ஒரு பெண் தெய்வம் போன்ற உருவம் நிற்கிறது. அதை மாரியம்மன் என்றே நினைத்து என் பாட்டி வெள்ளிக்கிழமைகளில் பூ வைத்து வந்தார். அந்தத் துறவிகள் புத்தரின் சீடர்களாகிய அருகதர்கள். அந்த உருவம் ஜப்பானியர் கன்னோன் என்று வணங்கும் அவலோகிதர். அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் என்று நம் பழைய பௌத்த மரபு போற்றிய அவலோகிதரும் இவரே என்று பின்னாளில் அறிந்தபோது, பாட்டி வைத்த பூ அயலாருக்குப் போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒவ்வொரு துறவியின் புருவமும் தனித்தனி மயிராக இழுக்கப்பட்டிருக்கிறது. ஆடையின் ஓரத்தில் குண்டூசி முனையளவு எனாமல் புள்ளிகள் வரிசை பிசகாமல் புடைத்து நிற்கின்றன. ஐந்தாவது துறவியின் இடது கண்ணிமையில் மட்டும் கோடு சற்று நடுங்கி, மீண்டும் மேலே ஒரு முறை இழுக்கப்பட்டிருக்கிறது. அச்சு நடுங்காது. அந்த ஓர் இமையைப் பார்த்த பிறகு, இது கை வேலை என்பதில் எனக்கு எந்த ஐயமும் இருக்கவில்லை.

பழுதும் மறைத்த பழுதும்

முழுச் சாடியை விரல் நகத்தின் பின்புறத்தால் மிக மெதுவாகத் தட்டினால், பீங்கான் மணிபோல் ஒலிக்கும்; விரிசல் விட்டிருந்தால் ஒலி செத்துக் கிடக்கும். மண்பாண்டத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது இயல்பாகவே மழுங்கிய ஒலி தரும். வாய்விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு சுற்று தடவுங்கள். கண்ணுக்குத் தப்பிய சிறு உடைசல் விரலுக்குத் தப்பாது. பண நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டறையில் சாடியின்மேல் காட்டினால், பின்னாளில் பூசிய பசையும் வண்ணமும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறுபட்டு ஒளிரக் காணலாம். அடியின் நடுவில் வட்டமான துளை இருந்தால், யாரோ அந்தச் சாடியை மின்விளக்காக மாற்றுவதற்குத் துளைத்திருக்கிறார்கள் என்று பொருள்; பங்களாச் சாமான்களில் இது அடிக்கடி காணப்படும் குறை. விலை குறையுமே தவிர, வைத்து அழகு பார்ப்பதற்குத் தடையில்லை.

இப்போது முத்திரை

அடியில் எழுத்தே இல்லாவிட்டால் ஏமாந்து போக வேண்டாம். நல்ல பழைய சாடிகள் பலவற்றில் முத்திரை கிடையாது. எழுத்து இருந்தால், மேலிருந்து கீழாகவோ வலமிருந்து இடமாகவோ படிக்க வேண்டும். கைகளை விரித்துக் கால்களை அகட்டி நிற்கும் மனிதனைப் போன்ற எழுத்து, அதை அடுத்து நடுவில் ஒரு குறுக்குக் கோடுள்ள நெட்டைப் பெட்டி, அதை அடுத்து அடித்தண்டில் சிறு கோடு போட்ட மரம் போன்ற எழுத்து: இந்த மூன்றும் வரிசையாக வந்தால் ‘தாய் நிப்போன்’, அதாவது ‘மகா ஜப்பான்’ என்று பொருள். 1868 முதல் 1912 வரையிலான மெய்ஜி காலத்து ஏற்றுமதிச் சாடிகளில் இதை அதிகம் காணலாம். வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் அது சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குலத்தின் சின்னம். பாணிக்கு அடையாளமாகப் பிற ஊர்ப் பட்டறைகளும் அதைப் போட்டதால், சத்சுமாவில்தான் செய்தது என்பதற்கு அது சான்றாகாது. மலையும் அதன் அடியில் ஓடும் நீரும் வரைந்திருந்தால், அரித்தாவின் ஃபுக்காகாவா நிறுவனத்தை நினைக்கலாம். சீனத்து மிங் அரசரின் ஆண்டுப் பெயரை ஆறு எழுத்தில் எழுதிய அரித்தாச் சாடிகளும் உண்டு. பழைய சீன வேலைக்குச் செய்த மரியாதையாகவே அவ்வாறு எழுதினார்கள் என்பதால், எழுத்தைப் படித்துச் சாடியைச் சீனாவுக்கு அனுப்பிவிட வேண்டாம்.

ரோமன் எழுத்து இருந்தால் கணக்கு எளிதாகும். இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ‘நிப்போன்’ என்று பொறித்து வந்த ஜப்பானியர், 1921 முதல் ‘ஜப்பான்’ என்று பொறிக்க வேண்டியதாயிற்று. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்ற சொல் இருந்தால், போருக்குப் பின் அமெரிக்கப் படை அங்கே இருந்த காலத்தில், 1947க்கும் 1952க்கும் இடையில் செய்தது. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நாட்டுப் பெயர் இல்லாத சாடியெல்லாம் 1891க்கு முந்தியது என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் வந்த சரக்கை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே நம் வீட்டுச் சாடிகளுக்கு அந்தக் கணக்கைப் போடக்கூடாது. ‘ராயல் சத்சுமா’ என்று ரோமன் எழுத்தில் இருந்தால் அது அண்மைக்கால வேலை.

துடைப்பது

வெள்ளிப் பாத்திரத்துக்குத் திருநீறு, பித்தளைக்குப் புளி, கரிப்பிடித்த அடிக்குச் சாம்பல் என்று துலக்கிப் பழகிய கைகள் நம்முடையவை. பூச்சாடிக்கு இவை மூன்றும் ஆகாது. புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் மேல்மெருகு எனாமலின் பளபளப்பைத் தின்றுவிடும். திருநீறும் சாம்பலும் பொன்னைச் சுரண்டிவிடும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் அமிலத்தைக் கறை நீக்க எடுப்பவர்களும் தோட்டத்து வீடுகளில் இருந்தார்கள். அதைச் சாடியின் அருகிலேயே கொண்டுபோகக்கூடாது. துணி வெளுக்கும் பிளீச்சையும் தவிர்த்துவிடுங்கள். சத்சுமா போன்ற மண்பாண்டத்தில் அது விரிசல் வலை வழியாக உள்ளே இறங்கி, காய்ந்ததும் உப்பாகப் படிந்து, நாளடைவில் மெருகையே மேலே தள்ளிப் பெயர்த்துவிடும்.

எங்கள் சாடிக்கு அப்படி ஒரு கதி நேர்ந்தது. நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு பொங்கலுக்கு முந்தைய நாள், குத்துவிளக்குகளோடு சேர்த்துச் சாடியையும் அத்தை புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினார். வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவர் மனத்தில் வேறொன்றும் இல்லை. இடது தோளில் நாலு விரற்கடை அகலத்துக்குப் பொன் வந்துவிட்ட பிறகே, துணியில் மஞ்சள் மினுமினுப்பைக் கண்டு நிறுத்தினார். இரண்டாவது துறவியின் ஒளிவட்டம் இன்று பாதிதான் இருக்கிறது. அதன் பிறகு அவர் சாடியை வெறும் துணியால்கூடத் தொடவில்லை.

சரியான முறை இது. எந்தச் சாடியாக இருந்தாலும், முதலில் வண்ணம் தீட்டப் பயன்படும் மென்மையான, உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டுங்கள். நம் ஊரில் படிவது செம்மண் தூசி. அதை ஈரத்துணியால் துடைத்தால் குழம்பாகி விரிசலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலான சாடிகளுக்கு இந்தத் தூரிகையே போதும்.

அதற்கும் போகாத அழுக்கு இருந்து, சாடி பீங்கானாகவும் விரிசலோ ஒட்டோ இல்லாததாகவும் மேலே பொன் இல்லாததாகவும் இருந்தால் மட்டும் கழுவலாம். பிளாஸ்டிக் பேசினின் அடியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு சொட்டு விட்டு, மிருதுவான பஞ்சால் கழுவி, வேறு நீரில் அலசி, துண்டின்மேல் ஒரு நாள் முழுவதும் நிழலில் உலர விடுங்கள். குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவ வேண்டாம். உடைந்த சாடிகளில் எத்தனையோ குழாய் மூக்கில் மோதி உடைந்தவைதாம்.

சத்சுமா வகையையும், பொன்னும் எனாமலும் நிறைந்த சாடியையும் நீரில் அமிழ்த்தக்கூடாது. மருந்துக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் முதலில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் நிறமோ மினுமினுப்போ ஒட்டினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒட்டாவிட்டால், தேய்க்காமல் உருட்டியபடியே, ஒரு நாளைக்கு ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டும் செய்யுங்கள். பொன்மேல் பஞ்சையும் கொண்டுபோக வேண்டாம். விரிசல் வலை பழுப்பேறியிருந்தால் அதை வெளுக்க முயலாதீர்கள். அந்த நிறம் ஒரு நூற்றாண்டு வீட்டுப்புகையும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து வந்தது, அதோடுதான் அந்தச் சாடி நம்மிடம் வந்திருக்கிறது.

வைக்கும் இடம்

சாமி மேடைக்கு அருகில் வைத்தால் சூடக்கரியும் விளக்கெண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் மெருகில் படியும். நான்கடி தள்ளி வைப்பது நல்லது. பூ வைக்க விரும்பினால், சாடிக்குள் நீரை ஊற்றாமல், உள்ளே இறங்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குவளையையோ கண்ணாடிக் குழாயையோ வைத்து அதில் நீர் ஊற்றுங்கள். மண்பாண்டத்துக்கு இது கட்டாயம். பீங்கானுக்கும் உப்புக்கறை படியாமல் இருக்க உதவும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போகும் சடக்கோரத்து வீடுகளில், மரத்தரையும் அலமாரியும் அதிர்ந்து, சாடி நாள்தோறும் இம்மி இம்மியாக விளிம்பை நோக்கி நகரும். காய்ந்த சுத்தமான மணலைச் சிறு பையில் கட்டிச் சாடியின் அடியில் இறக்கினால் கனம் கீழே நின்று ஆட்டம் குறையும்; மணலை நேராகக் கொட்டக்கூடாது. அடியில் கம்பளித் துணியை வட்டமாக வெட்டிப் போடுங்கள். சிங்குக் கூரைக்கு நேர்கீழே, பகலில் கொதித்து இரவு மழையில் குளிரும் உச்சித்தட்டு ஏற்ற இடம் அன்று.

தவறி உடைந்துவிட்டால், பொடியளவு துண்டையும் விடாமல் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள். அந்த அதிர்ச்சியில் கடைக்கு ஓடி உடனடிப் பசை வாங்கி ஒட்டிவிட வேண்டாம். ஒரு முறை கோணலாக ஒட்டியதைப் பிரித்துச் சரிசெய்வது, உடைந்ததை ஒட்டுவதைவிடப் பன்மடங்கு கடினம். உடைந்த இடத்தை அரக்கு மரப்பாலால் ஒட்டி, அந்தத் தழும்பின்மேல் பொன்தூள் தூவும் கின்சுகி என்ற முறை ஜப்பானில் உண்டு. அதைக் கற்றவர் கிடைக்கும்வரை துண்டுகள் பெட்டியில் காத்திருக்கலாம்.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய சாமான் வாங்க வீடு தேடி வருபவரிடம் அன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். நான்கு பக்கமும், அடியும், வாயும், பழுதும் தெரியும்படி படம் எடுத்து, உயரமும் அகலமும் குறித்து, குறைந்தது இரண்டு ஏலக்காரர்களிடமோ பழம்பொருள் அறிந்தவர்களிடமோ காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள். பழுதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை எழுத்து வேலை. சாடி யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில் வந்தது என்பதை மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, மையால் எழுதாமல் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டுச் சாடிக்குள் போடுங்கள். சாடியின்மேல் எதையும் ஒட்ட வேண்டாம். எங்கள் சாடிக்குள் இருக்கும் தாளில், தாத்தாவின் பெயருக்கும் தோட்டத்தின் பெயருக்கும் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: ‘உயரம் 31 சென்டிமீட்டர். சத்சுமா பாணி. கை வேலை, ஐந்தாவது துறவியின் இடது இமையைப் பார்க்கவும். விரிசல் இல்லை. பாட்டி வெள்ளிக்கிழமைகளில் பூ வைத்தது. இடது தோளில் பொன் இல்லாத இடம், அத்தை பொங்கலுக்குத் துலக்கியது.’